தாங்கிக்குள் எத்தனை லீற்றர்: வீட்டில் கட்டிய காருக்கு ஒரு பெற்றோல் கேஜ்

வீட்டில் கட்டப்படும் கார் ஒன்று ஓடத் தொடங்கிய பின்னர்தான் பெரும்பாலும் அதன் பெற்றோல் தாங்கி நினைவுக்கு வருகிறது. எஞ்சின், பிரேக், ஸ்டியரிங், விளக்கு என்று ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் கவனம் போகிறது. தாங்கியோ தகடு வளைக்கும் பட்டறையில் அளவு கொடுத்துச் செய்வித்த பெட்டியாக, நிரப்ப ஒரு வாய், எஞ்சினுக்குப் போக ஒரு குழாய், காற்றுக்கு ஒரு துளை என்ற அளவில் வந்து பின்பக்கத்தில் அமர்ந்துவிடுகிறது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அறிய மூடியைக் கழற்றிக் குச்சி விட்டுப் பார்த்தால் போதும் என்று பலரும் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது போதாது என்பதே என் கருத்து. தாங்கிக்கு அளவு காட்டும் ஒரு கேஜ் வேண்டும். அந்த கேஜ், கடையில் வாங்கிப் பூட்டியபடி இல்லாமல், அந்தத் தாங்கியின் லீற்றர்களைச் சொல்வதாக இருக்க வேண்டும். எப்போதாவது பிழையாகக் காட்ட நேர்ந்தால், குறைவாகக் காட்டும் பக்கத்துக்கே பிழைக்க வேண்டும்.

குச்சிக்கு நீண்ட வரலாறு உண்டு என்பதை மறுக்கவில்லை. 1908இல் வெளிவந்த போர்ட் மொடல் டீ காரின் பெரும்பாலான வகைகளில் தாங்கி முன் இருக்கையின் கீழே இருந்தது. இருக்கையைத் தூக்கி, மூடியைக் கழற்றி, மரக்குச்சியை இறக்கித்தான் அளவு பார்த்தார்கள். பெற்றோல் தன் பாரத்தாலேயே எஞ்சினுக்கு வழிந்து போகும் ஏற்பாடு என்பதால், தாங்கியில் குறைவாக இருக்கும்போது செங்குத்தான ஏற்றத்தைப் பின்னோக்கி ஏற வேண்டியும் வந்தது. வொக்ஸ்வாகன் பீட்டிலில் 1962ஆம் ஆண்டு மாதிரியில்தான் கேஜ் வந்தது. அதற்கு முன்னர் எஞ்சின் திக்கும்போது காலருகே இருக்கும் திருகைத் திருப்பி, ஒதுக்கி வைத்த சுமார் 5 லீற்றரில் ஓட்டினார்கள். நமது ஊரில் பழைய டூ ஸ்ட்ரோக் ஓட்டோ வைத்திருந்தவர்கள் வண்டியை ஒரு பக்கமாக அசைத்து, உள்ளே தளும்பும் ஓசையைக் கேட்டு அளவு சொன்னதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அந்தக் காதுகளுக்குப் பழக்கம் இருந்தது. ஆனால் ஓடும் வண்டியில், மழையில், இரவில், பேஸ்லைன் வீதி நெரிசலின் நடுவில், குச்சியும் உதவாது, காதும் உதவாது.

எரிபொருள் தட்டுப்பாடு நிலவிய 2022ஆம் ஆண்டு கொழும்பில் இருந்தவர்களுக்கு லீற்றரின் அருமையை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அந்த வருடம் கேன்களில் பெற்றோல் ஊற்றிக் கொடுப்பது தடைசெய்யப்பட்டது. ஆகையால் வழியில் நின்றுபோன வண்டிக்கு யாராவது ஒரு கேனில் கொண்டுவந்து ஊற்றும் பழைய வழி அடைபட்டது. ஜூலையில் கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பெற்றோல் அடிக்கும் முறை வந்தபோது ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று வரையறுத்தார்கள். தாங்கியில் எத்தனை லீற்றர் மிச்சம் என்று சரியாகத் தெரிந்தவருக்கே, இந்த வாரப் பங்கை இன்று அடிப்பதா, இரண்டு நாள் பொறுப்பதா என்று தீர்மானிக்க முடிந்தது. ஏறத்தாழ கால் தாங்கி என்ற மதிப்பீடு அந்த நாட்களில் எதற்கும் பயன்படவில்லை. என் காருக்கு கேஜ் பூட்ட வேண்டும் என்ற எண்ணம் உறுதிப்பட்டது அந்தக் காலத்தில்தான்.

என் கார், டிரையம்ப் ஹெரால்ட் ஒன்றின் சட்டகத்தின் மேல் கட்டிய இரண்டு இருக்கைத் திறந்த வண்டி. ஹெரால்ட் 1959இல் வந்தபோது மற்றப் பெரும்பாலான சிறிய கார்கள் உடலையும் சட்டகத்தையும் ஒன்றாகவே கொண்டிருந்தன. இதற்கு மட்டும் தனிச் சட்டகம் இருந்தது. உடலைக் கழற்றிவிட்டு விருப்பமான வடிவத்தை அதன்மேல் எழுப்ப முடிந்ததால், உலகெங்கும் தாமாகக் கார் கட்டியவர்களுக்கு அது பிடித்த வண்டியாயிற்று. பழைய தாங்கி துருப்பிடித்துப் பயனற்றுப் போயிருந்ததால் இருக்கைகளுக்குப் பின்னால் புதியதொன்றைச் செய்வித்தேன். குறுக்கே 50 செ.மீ., முன்பின்னாக 30 செ.மீ., உயரம் 24 செ.மீ.; ஆக 36 லீற்றர். அடிப்பரப்பு 1500 சதுர சென்ரிமீற்றர் என்பதால் ஒவ்வொரு சென்ரிமீற்றர் உயரமும் சரியாக ஒன்றரை லீற்றர். பெட்டி வடிவத் தாங்கியின் பெரிய வசதி இது: உயரத்தை அறிந்தால் லீற்றரை அறிந்தாயிற்று. படுக்கையாக வைத்த உருளைத் தாங்கியில் இப்படி இல்லை. அதில் கால் உயரத்துக்கு இருக்கும் எரிபொருள் மொத்தத்தில் 20 வீதத்துக்கும் சற்றுக் குறைவு; பத்தில் ஒரு பங்கு உயரத்துக்கு இருப்பது 5 வீதம் மட்டுமே. வடிவத்தின் அழகுக்காக உருளைத் தாங்கி வைப்பவர்கள் அடியில் இருக்கும் இந்த வேறுபாட்டை மனதில் கொள்ள வேண்டும். அங்கேதான் ஒவ்வொரு லீற்றரும் முக்கியமாகிறது.

கேஜ் என்பது இரண்டு பொருள்களின் சோடி. தாங்கிக்குள் மிதவையோடு இருப்பதை கராஜ்களில் டேங்க் யூனிட் என்பார்கள். மிதவை ஏறி இறங்கும்போது ஒரு தடைக்கம்பிச் சுருளின் மேல் ஒரு சிறிய தொடுகை நகர்ந்து, மின்தடையைக் கூட்டியும் குறைத்தும் காட்டும். டாஷ்போர்டில் இருக்கும் முள் அந்தத் தடையை வாசிக்கிறது. ஒவ்வொரு உற்பத்தியாளரும் தத்தம் அளவுகளை வைத்திருப்பதால், ஒன்றின் யூனிட்டை மற்றதன் முள்ளோடு சேர்க்க முடியாது. மின்தடையை ஓம் என்ற அலகில் சொல்வார்கள். ஜெர்மனியின் வீடிஓ நிறுவனத்தின் முறையில் வெறுமைக்கு 10 ஓம், நிறைவுக்கு 180 ஓம். ஜெனரல் மோட்டர்ஸ் பல காலம் வெறுமைக்கு 0, நிறைவுக்கு 90 என்று வைத்திருந்தது. பழைய போர்ட் கார்களில் வெறுமைக்கு 73, நிறைவுக்கு 10. படகுகளிலும் ஜெனரேற்றர்களிலும் பரவலாக இருக்கும் அமெரிக்க முறையில் வெறுமைக்கு 240, நிறைவுக்கு 33.

இந்த எண்களைப் பார்ப்பவர்கள் பொதுவாக எது கடையில் கிடைக்கிறதோ அதை எடுக்கிறார்கள். ஆனால் இவற்றுக்குள் ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. நான் பார்த்த அளவில் அதைப் பற்றிப் பேசுபவர்கள் மிகக் குறைவு. வயர் அறுந்தாலோ, மின்னோட்டம் சட்டகத்தின் வழியாகத் திரும்பும் எர்த் இணைப்பு விட்டுப்போனாலோ முள்ளுக்குத் தெரியும் தடை எல்லையற்றதாகிறது. வீடிஓ முறையிலும் ஜெனரல் மோட்டர்ஸ் முறையிலும் தடை கூடக்கூட முள் நிறைவை நோக்கிப் போவதால், அறுந்த வயர் தாங்கி நிறைந்திருக்கிறது என்று சொல்லும். அமெரிக்க 240–33 முறையிலும் பழைய போர்ட் முறையிலும் அதே அறுந்த வயர் தாங்கி காலி என்று சொல்லும். இரண்டும் பொய்தான். ஆனால் முதலாவது பொய் நம்மை நடுவழியில் நிறுத்தும். இரண்டாவது பொய் நம்மைப் பெற்றோல் செட்டுக்கு அனுப்பும், அங்கே தாங்கி கொள்ளாமல் நிற்கும்போது கேஜில் பிழை இருப்பது தெரியவரும்.

மறுபக்கமும் உண்டு: வயரின் உறை தேய்ந்து சட்டகத்தில் முட்டினால் தடை பூச்சியமாகி, 240–33 முறையில் முள் நிறைவுக்கு மேலே ஓடிவிடும். எனவே எந்தப் பிழை எங்கள் ஊரில் அதிகம் வரும் என்று கேட்டுப் பார்த்தேன். கடலை ஒட்டிய நகரம் இது. உப்புக் காற்றில் இணைப்பு முனைகள் பச்சை பூத்து, எர்த் விட்டுப்போவதே பழைய வண்டிகளில் நாம் நாளாந்தம் காணும் பிழை. உறை தேய்வதை ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் வயரை விட்டுத் தடுத்துவிடலாம். உப்புக் காற்றை அப்படித் தடுக்க முடியாது. ஆகவே 240–33.

பஞ்சிகாவத்தையில் நான் வழக்கமாகப் போகும் கடையின் நானா முதலில் கேட்ட கேள்வி, "எந்த வாகனத்துக்கு, தம்பி?" என்பது. வீட்டில் கட்டியது என்றதும், "அப்ப வாகனத்த விடுங்க. ஓம் எத்தனையெண்டு சொல்லுங்க, தாங்கிட ஆழம் எவ்வளவெண்டு சொல்லுங்க," என்றார். இந்த இரண்டு கேள்விகளோடு வேலையில் பாதி முடிந்துவிடுகிறது. முள்ளையும் யூனிட்டையும் ஒரே இடத்தில், ஒரே முறைக்குரிய சோடியாக வாங்க வேண்டும் என்றும், கடையிலேயே தடையை அளக்கும் மல்டிமீற்றரை வைத்துக் கையால் மிதவையை மேலும் கீழும் ஆட்டி, இடையில் எங்காவது தடை அறுந்து துள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும் என்றும் அவர் வலியுறுத்தினார். பார்க்கும்போது ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும். இந்த முறையில் மிதவை நடுவில் நிற்கும்போது தடை 103 ஓம் அளவில் இருக்கும். 240க்கும் 33க்கும் நடு எண்ணான 136 அல்ல. சுருள் அப்படித்தான் சுற்றப்பட்டிருக்கிறது. முள்ளும் அதற்கேற்பவே அமைக்கப்பட்டிருக்கிறது.

யூனிட்டில் இரண்டு வகை வைத்திருந்தார். ஒன்று, நேர்க்குழாய் ஒன்றின் மேல் காந்தம் பொருத்திய மிதவை ஏறி இறங்க, குழாய்க்குள் இருக்கும் சிறிய சுவிட்சுகள் ஒவ்வொன்றாக மூடித் திறக்கும் வகை. மற்றையது கம்பிக் கையின் நுனியில் மிதவை இருக்கும் பழைய வகை. குழாய் வகையைப் பொருத்துவது எளிது. தளும்பலும் அதைக் குறைவாகவே பாதிக்கும். ஆனால் அது படிப்படியாகத்தான் வாசிக்கும். நான் பார்த்ததில் ஒரு படிக்கும் மற்றப் படிக்கும் இடையே ஏறத்தாழ 2 செ.மீ. இருந்தது. என் தாங்கியில் 2 செ.மீ. என்றால் 3 லீற்றர். கடைசி 9 லீற்றருக்குள் மூன்று படிகளே கிடைக்கும் என்றால், எனக்கு மிக வேண்டிய இடத்தில் அது மிகக் குறைவாகவே பேசுகிறது. ஆழமான தாங்கிக்கு அது நல்ல பொருள், 24 செ.மீ. தாங்கிக்குக் கைவகையே சரி என்று எடுத்தேன்.

கைவகையில் கம்பியின் நீளத்தை நாமே வெட்டிக்கொள்ள வேண்டும். அதற்கான கணக்கு எளிது. மிதவை அடியிலும் கூரையிலும் முட்டாதபடி இரண்டு பக்கமும் 2 செ.மீ. விட்டால், அது ஏறி இறங்க வேண்டிய உயரம் 20 செ.மீ. சுழலும் அச்சு தாங்கியின் நடு உயரத்தில், கூரையிலிருந்து 12 செ.மீ. கீழே இருக்க வேண்டும். கை கிடைநிலைக்கு மேலே 45 பாகையும் கீழே 45 பாகையும் சுழல்கிறது என்று கொண்டால், 10 செ.மீ.யை 0.707ஆல் வகுக்க வரும் 14 செ.மீ.யே கையின் நீளம். இந்த அமைப்பில் முள் வெறுமையில் நிற்கும்போது தாங்கியில் இன்னும் 3 லீற்றர் இருக்கும். நிரப்பிய பின்னர் முதல் 3 லீற்றர் தீரும்வரை முள் அசையாது. பெற்றோல் அடித்த பிறகு சில கிலோமீற்றர்களுக்கு முள் நிறைவிலேயே நிற்கிறது என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: மிதவைக்கு மேலே இருக்கும் எரிபொருளை மிதவை அறியாது.

அடுத்தது, யூனிட்டைத் தாங்கியின் எந்த இடத்தில் இறக்குவது என்பது. முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சாதாரணமாக, வேலை செய்பவருக்கு எளிதில் எட்டும் மூலையில் ஒரு துளை போட்டு முடித்துவிடுகிறார்கள். ஆனால் சாய்வில் நிற்கும் தாங்கிக்குள் திரவம் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குகிறது. தாங்கியின் நடுவில் மட்டுமே உயரம் மாறாமல் நிற்கிறது. பத்துக்கு ஒன்று என்ற சரிவுள்ள ஏற்றத்தில் வண்டி நின்றால், முன்பின் 30 செ.மீ. கொண்ட என் தாங்கியில் பின்சுவரருகே மட்டம் 1.5 செ.மீ. உயர்ந்திருக்கும், முன்சுவரருகே அதேயளவு தாழ்ந்திருக்கும். மிதவை பின்சுவரருகே இருந்தால் இல்லாத இரண்டேகால் லீற்றரை இருப்பதாகச் சொல்லும். புதுக்கடை ஏற்றத்தில் இது ஒரு நிமிடத்து விடயம். கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றம் முழுவதும் அது பொய் சொல்லிக்கொண்டே வரும்.

கை சுழலும்போது மிதவை மேலும் கீழும் மட்டும் போவதில்லை, முன்பின்னாகவும் நகர்கிறது. கை கிடைநிலையில் இருக்கும்போது மிதவை அச்சிலிருந்து 14 செ.மீ. தள்ளி நிற்கும். 45 பாகை மேலேயோ கீழேயோ இருக்கும்போது 10 செ.மீ. மட்டுமே தள்ளி நிற்கும். எனவே அச்சை முன்சுவரிலிருந்து 5 செ.மீ. பின்னால் வைத்தால், தாங்கி காலியாகும் தறுவாயில் மிதவை சரியாக 15 செ.மீ.யில், அதாவது தாங்கியின் நடுக்கோட்டில் வந்து நிற்கும். பாதித் தாங்கியில் அது நடுவிலிருந்து 4 செ.மீ. விலகியிருக்கும், அதே ஏற்றத்தில் அதனால் வரும் பிழை 0.6 லீற்றர். கையில் 18 லீற்றர் இருக்கும்போது அரை லீற்றர்ப் பிழையால் யாருக்கும் நட்டமில்லை. கடைசி லீற்றர்களில் பிழை மறைந்துவிடுகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கும்போது இப்படித் தானாகவே நன்மையின் பக்கம் வந்து விழும் விடயங்கள் உண்டு. அவற்றைக் கண்டுபிடிப்பதற்காகவே காரை வீட்டில் கட்ட வேண்டும் என்று சில வேளைகளில் எனக்குத் தோன்றும்.

குறுக்கு வாட்டில் யூனிட் நடுவிலேயே இருக்கிறது. வளைவுகளில் இது முக்கியம். பாரத்தின் பாதியளவு பக்கவிசை வரும் ஒரு கூர்மையான திருப்பத்தில், தடுப்பில்லாத 50 செ.மீ. அகலத் தாங்கியின் ஒரு சுவரில் திரவம் 12 செ.மீ.க்கு மேல் ஏறப் பார்க்கும். அதைத் தணிப்பதற்காகத் தாங்கி செய்யும்போதே முன்பின்னாக இரண்டு தடுப்புத் தகடுகளை, அடிமூலைகளிலும் நடுவிலும் துளைகளோடு, வைக்கச் சொல்லியிருந்தேன். கை சுழல்வது அவ்விரண்டு தகடுகளுக்கும் நடுவிலுள்ள அறையில், அவற்றுக்குச் சமாந்தரமாக. தடுப்பில்லாத தாங்கி வைத்திருப்பவர்களுக்கு எந்த கேஜும் ஓடும்போது ஒழுங்காக வாசிக்காது; முள்ளைத் திட்டிப் பயனில்லை.

இனித் துளை. இந்தத் தாங்கிக்குள் ஏற்கெனவே பெற்றோல் இருந்தது என்பதால், வேலையிலேயே ஆபத்தான பகுதி இதுதான். சற்று விரிவாகச் சொல்கிறேன். நிறைந்த தாங்கியைவிட வடித்த தாங்கியே அஞ்ச வேண்டியது. பெற்றோல் ஆவி காற்றில் சுமார் 1.4 வீதத்துக்கும் 7.6 வீதத்துக்கும் இடையே இருக்கும்போது தீப்பற்றி வெடிக்கும். பெற்றோல் உள்ள தாங்கிக்குள், எங்கள் வெப்பத்தில், ஆவி அந்த எல்லையைத் தாண்டி அடர்த்தியாக இருக்கும். வடித்துத் திறந்து வைத்த தாங்கியிலோ காற்று உள்ளே புகுந்து ஆவி மெலிந்து, அந்த எல்லைக்குள் வந்து நிற்கும். ஆவி காற்றைவிடப் பாரமானது என்பதால் தானாக மேலே கிளம்பிப் போய்விடவும் மாட்டாது, அடியிலேயே தங்கும். மடிப்புகளிலும் பற்றுகளிலும் ஒளிந்திருக்கும் சில துளிகளே போதும்.

ஆமர் வீதிப் பக்கம் இருக்கும் வெல்டிங் பாஸிடம் தாங்கியைக் கொண்டுபோய், மேலே தடித்த வளையம் ஒன்றை ஒட்டித் தருமாறு கேட்டேன். அவர் தாங்கியைத் தொடவில்லை. மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, "இதுக்குள்ள பெற்றோல் ஊத்தினதா, தம்பி?" என்று கேட்டார். ஆமென்றதும், "அப்ப நெருப்பு வேணாம். உள்ளுக்கு ரிங் போடுவம்," என்றார். பல வருடங்கள் நெருப்போடு வேலை செய்தவர் நெருப்பு வேண்டாம் என்று சொல்லும்போது கேட்டுக்கொள்வதே முறை.

அவர் சொன்ன வழி இது. யூனிட்டின் தலைத்தகட்டில் ஐந்து துளைகள் இருக்கின்றன. மெல்லிய 1.5 மி.மீ. தகட்டில் திருகாணிகள் பிடிக்கா. அதனால் 5 மி.மீ. உருக்குத் தகட்டில் அதே ஐந்து துளைகளோடு ஒரு வளையம் வெட்டி, துளைகளில் மரையிட்டு, வளையத்தை ஓரிடத்தில் அறுத்துவிட வேண்டும். அறுத்த இடத்தின் வழியாகத் தாங்கியின் ஓரத்தை நுழைத்து வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றினால், அது முழுவதும் உள்ளே போய்விடும். பிறகு மேலிருந்து திருகாணிகளை இறுக்க, தலைத்தகடும் தாங்கியின் கூரையும் வளையமும் ஒன்றாக இறுகும். வெல்டிங் எதுவும் தேவையில்லை.

ஐந்து துளைகளும் சம இடைவெளியில் இல்லை. யூனிட் ஒரு திசையில் மட்டுமே பொருந்த வேண்டும் என்பதற்காக ஒன்றைச் சற்று விலக்கி வைத்திருக்கிறார்கள். எனவே கை எந்தப் பக்கம் நோக்கும் என்பதை முதலில் தீர்மானித்து, யூனிட்டின் தலைத்தகட்டையே மாதிரியாக வைத்துக் கூரையில் குறித்துக்கொண்டோம்.

வெட்டுவதற்கு முன்னர் தாங்கியைப் பற்றரியிலிருந்தும் வண்டியிலிருந்தும் பிரித்து, வடித்து, சவர்க்காரத் தூள் கரைத்த சுடுநீரால் திரும்பத் திரும்பக் கழுவினோம். வெட்டும்போது கூரைக்கு ஒரு விரற்கடை கீழே வரை தண்ணீரால் நிரப்பி வைத்திருந்தோம். ஆவி நிற்பதற்கு இடம் மிகக் குறைவாக இருக்கும்படி. சாதாரண மின் ட்ரில்லின் உள்ளே பொறி பறக்கும் என்பதால், பாஸிடம் இருந்த காற்றால் ஓடும் ட்ரில்லில் வளைய ரம்பத்தைப் பூட்டி, எண்ணெய் விட்டு விட்டு மெதுவாக வெட்டினார். சீவல்கள் தண்ணீருக்குள் விழுந்தன. பின்னர் தண்ணீரோடு அவற்றை வடித்து, காந்தம் ஒன்றை நூலில் கட்டி உள்ளே இறக்கி மிச்சத்தையும் எடுத்தோம். வசதியும் பழக்கமும் இல்லாதவர்கள் இந்தப் பகுதியைத் தாமாகச் செய்யவே கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். புதிதாகக் கார் கட்டத் தொடங்குபவர்கள், தாங்கிக்குள் முதல் துளி பெற்றோல் விழுவதற்கு முன்னரே பட்டறையில் இந்தத் துளையைப் போட்டு ஒரு மூடியால் அடைத்து வைத்துவிட்டால் இந்த ஆபத்து முழுவதும் இல்லாமற் போகும்.

தலைத்தகட்டுக்கும் கூரைக்கும் இடையே வைக்கும் கேஸ்கட்டுக்கு நைட்ரைல் இரப்பர் வேண்டும். சாதாரண இரப்பர் பெற்றோலில் ஊறிப் பருத்துப்போகும். குளியலறைக்குப் பூசும் சிலிக்கனும் இங்கே நிற்காது. திருகாணிகள் தாங்கிக்குள் நுழைவதால் ஒவ்வொன்றின் தலைக்கும் கீழே அடைப்பு வொஷர் வேண்டும். கசிவு பார்க்கும்போது கொம்பிரஸரை நேரே பிடிக்கக்கூடாது. சதுர அங்குலத்துக்கு 2 இறாத்தல் என்ற சிறிய அழுத்தத்திலேயே 50க்கு 30 செ.மீ. கூரையின் மேல் 200 கிலோவுக்கு மேற்பட்ட விசை விழுகிறது. பெட்டித் தாங்கி ஊதிப்போகும். சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றை விட்டு, சவர்க்கார நுரை பூசிப் பார்த்தோம்.

வயர் வேலை சுருக்கமானது. சாவியைத் திருப்பும்போது மின் வரும் வயரிலிருந்து சிறிய பியூஸ் ஒன்றின் வழியாக முள்ளுக்கு ஒரு வயர், முள்ளிலிருந்து யூனிட்டுக்கு ஒரு வயர், இரண்டுக்கும் எர்த். தாங்கி இரப்பர்ப் பட்டைகளின் மேல் அமர்ந்திருப்பதால் அதற்குத் தானாக எர்த் கிடைக்காது. தலைத்தகட்டின் திருகாணி ஒன்றிலிருந்து சட்டகத்துக்குத் தனி வயர் கொடுத்து, முனைகளில் கிரீஸ் பூசினேன். நான் எடுத்தது குறுக்குச் சுருள் முள். இரண்டு சுருள்களின் விசை விகிதத்தை அது வாசிப்பதால், பற்றரி 12.6 வோல்ட்டில் இருந்தாலும் ஓடும்போது 14க்கு ஏறினாலும் வாசிப்பு மாறாது. 1960களின் ஆங்கிலக் கார்களில் இருக்கும், சூடேறி வளையும் இரட்டை உலோகப் பட்டை முள்ளை வைப்பவர்கள் அதற்குரிய வோல்ட் நிலைப்படுத்தியையும் சேர்த்தே பூட்ட வேண்டும். ஸ்மித்ஸ் முள்களுக்கு அது சராசரியாக 10 வோல்ட் கொடுக்கும். அந்த வகை மிக மெதுவாக நகர்வதால் தளும்பலை நன்றாக விழுங்கும் என்பது அதன் சிறப்பு.

இவ்வளவும் முடிந்த பின்னரே உண்மையான வேலை தொடங்கியது. முள்ளின் முகத்தில் இருக்கும் பாதி, கால் என்ற கோடுகள் யாரோ ஒருவருடைய தாங்கிக்கு வரையப்பட்டவை. என் தாங்கியின் லீற்றர்கள் எனக்கு வேண்டும். மட்டமான தரையில், திறந்த முற்றத்தில், தாங்கி முழுவதும் வடிந்த நிலையில், உலோகக் குவளையால் ஒவ்வொரு லீற்றராக ஊற்றினேன். குவளைக்கும் தாங்கிக்கும் இடையே ஒரு வயரைக் கவ்வியிருந்தேன். ஊற்றும்போது சேரும் நிலைமின் பொறியாகப் பறக்காமல் இருக்க அது வேண்டும். கொழும்பின் ஈரக் காற்றில் நிலைமின் குறைவு என்று அதை விட்டுவிடக்கூடாது. அத்தான் மல்டிமீற்றரைப் பார்த்து ஓம் எண்ணைச் சொல்ல, நான் எழுதினேன். முதல் மூன்று லீற்றருக்கு எண் 240ஐ விட்டு அசையவில்லை. நான்காவது லீற்றரில் இறங்கத் தொடங்கியது. 18 லீற்றரில் 103ஐ அண்மித்தது. கணக்கில் வந்தது கண்ணெதிரே வருவதைப் பார்ப்பதில் ஒரு தனி மகிழ்ச்சி இருக்கிறது.

ஆபத்துக் குறைவு என்று தண்ணீரால் இந்த அளவைக் குறிக்கலாமே என்று கேட்கலாம். பெற்றோலின் அடர்த்தி தண்ணீரில் முக்கால் பங்கு அளவே என்பதால் மிதவை தண்ணீரில் உயர்ந்தும் பெற்றோலில் சற்று அமிழ்ந்தும் நிற்கும். தண்ணீரில் குறித்த கோட்டைப் பெற்றோலில் வாசித்தால் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகவே காட்டும். பாதுகாப்பான பிழைதான்; ஆனாலும் பிழை. உள்ளே தங்கும் ஈரம் துருவுக்கும் வழி.

முள்ளின் கண்ணாடியைக் கழற்றி, பழைய கோடுகளை மறைத்து, மெல்லிய வெள்ளைத் தாளில் 3, 6, 9, 12, 18, 24, 33 என்று லீற்றர்களை எழுதி ஒட்டினேன். கீழ்ப்பகுதியில் நெருக்கமாகவும் மேற்பகுதியில் ஐதாகவும் எண்களை வைத்தது வேண்டுமென்றுதான். 27 லீற்றரா 28 லீற்றரா என்று அறிந்து ஆக வேண்டியது ஒன்றுமில்லை. 6 லீற்றரில் ஒரு சிவப்புக் கோடு. வண்டி லீற்றருக்கு 11 கிலோமீற்றர் அளவில் ஓடுவதால், சிவப்பைத் தொடும்போது வெறுமைக்கோடு வரையில் 33 கிலோமீற்றரும் அதற்கப்பால் மிதவை அறியாத 3 லீற்றரும் இருக்கின்றன. நெரிசலில் அந்த 11 கிலோமீற்றர் 7 ஆகவும் குறையலாம் என்பதால், அந்தக் கடைசி 3 லீற்றரை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதே வேலையில் இறங்குபவர்களுக்கு ஒரு விடயம் மிச்சமிருக்கிறது. கேஜ் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தாங்கி காலியாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. யூனிட்டின் வயரைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினால் முள் வெறுமைக்குக் கீழே போக வேண்டும். அதே வயரை 33 ஓம் தடை ஒன்றின் வழியாக எர்த்தில் தொட்டால் நிறைவுக்குப் போக வேண்டும். இரண்டும் சரியென்றால் முள் நலம், பிழை யூனிட்டுக்குப் போகும் வயரில், தாங்கிக்குள் அல்லது தாங்கியின் எர்த்தில். கழற்றிய வயரின் முனை தாங்கி வாய்க்கு அருகே வராதபடி, இந்தச் சோதனையை டாஷ்போர்டுப் பக்கத்திலிருந்தே செய்ய வேண்டும். 33 ஓம் தடை ஒன்றைக் கண்ணாடித் தாளில் சுற்றி பியூஸ் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் எர்த் முனைகளைத் துடைத்துப் புதுக் கிரீஸ் பூசும் நாளில் அதையும் எடுத்து ஒருமுறை பார்த்துவிடுவது வழக்கம்.